அம்மாவின் வயது அறுபத்து மூன்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை, ஆகையால் நலம் விசாரிப்பை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்கு இந்த மனுஷன் காகிதத்தை எடுத்தான் என்று உனக்குத் தோன்றும். போனில் நீ அழுகிறாய், நீ அழுதால் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது, உடனே நீ "சரிப்பா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறாய், இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகுவதையும் பக்கத்துத் தெருவில் பள்ளம் தோண்டியதையும் உனக்கு எத்தனை முறை சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளை போன வாரம் கூப்பிட்டிருந்தார். நீ ஆஸ்பத்திரி மேல் மனு எழுதிக்கொண்டிருக்கிறாயாம், அம்மாவைச் சேர்த்துக்கொண்ட அந்த டாக்டர் பெண்ணின் பேரையும் எப்படியோ கண்டுபிடித்து அதில் போட்டிருக்கிறாயாம், "வயசு அம்பத்தாறுதான், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, பிழைக்க வேண்டிய ஆள், கவனிக்காம சாகவிட்டுட்டாங்க" என்று ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லி அழுகிறாயாம். அந்த மனுவை அனுப்பாதே பாப்பா. இதைக் கடைசிவரை படி. படித்த பிறகும் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் அந்தப் பெண்ணின் பேரை அடித்துவிட்டு என் பேரைப் போட்டு அனுப்பு.

அம்மாவுக்கு ஐம்பத்தாறு இல்லை. அறுபத்து மூன்று.

உனக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது பள்ளிக்கூடத்தில் ஆய்வகத்துக்கு உதவியாளர் தேவை என்று போட்டிருந்தார்கள், முப்பது வயதைத் தாண்டக் கூடாது என்று கண்டிஷன். அம்மாவுக்கு அப்போது முப்பத்து நான்கு. அவள் சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடம் எப்போதோ மூடிப்போய் அதன் பதிவேடுகளைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. புதிதாகச் சான்றிதழ் எழுதித் தரும் அலுவலகத்தில் அவளுக்கு மாமா முறையில் ஒரு எழுத்தர் இருந்தார். ஐந்து வருஷம் குறைத்துத் தந்தால் போதும் என்று நாங்கள் கேட்டோம், மனுஷன் தாராளக் கைக்காரர், ஏழு வருஷத்தைக் குறைத்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா அந்தக் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து "நான் ஒண்ணாங்கிளாஸ் சேர்ந்தப்ப நான் பொறக்கவே இல்லைங்க" என்று கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்த்தவன் நான், முள் எங்கே நிற்கிறதோ அதைத்தான் எழுதுவேன், அதில் ஒரு யூனிட் கூட்டவோ குறைக்கவோ யார் கெஞ்சினாலும் மாட்டேன் என்று பேர் எடுத்தவன். அன்றைக்கு எனக்கு அந்த ஏழு ஒரு எண்ணாகவே தெரியவில்லை. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தோம். நீயும் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கப் போனதால் வாய்தவறி எங்கேயாவது உளறிவிடப் போகிறாய் என்று உனக்குச் சொல்லவில்லை, அப்புறம் நீ பெரியவளான பிறகு அதைச் சொல்வதற்கென்று ஒரு நாள் வாய்க்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா தலைக்குச் சாயம் பூசிக்கொள்வாளே, அழகுக்கு என்று நீ கிண்டல் செய்வாய். அது அழகுக்கு இல்லை பாப்பா, காகிதத்துக்கு. வீட்டில் ஒரு வயசு வெளியில் ஒரு வயசு என்று சிரித்துக்கொண்டேதான் இருபத்தொன்பது வருஷம் ஓட்டினாள்.

நோய் வந்த புதிதில் நாங்கள் எப்படி இருந்தோம் என்று உனக்குத் தெரியாது, அதையும் எழுதிவிடுகிறேன். சாயங்காலம் டிவியில் அன்றைக்குப் போனவர்களின் வயதை வரிசையாகப் படிப்பார்கள். எழுபத்தெட்டு, எண்பத்தொன்று, எழுபத்திரண்டு என்று வரும்போது மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் "வயசானவங்கதான்" என்று ஒரு மூச்சு விடுவார்கள். நானும் விட்டேன். எனக்கே அறுபத்தாறு ஆகிறது, ஆனாலும் எழுபத்தெட்டு என்று காதில் விழுந்தால் சரி, அது நம்ம வரிசை இல்லை என்று ஒரு நிம்மதி. நாற்பது என்று ஒன்று வந்துவிட்டால் மட்டும் எல்லாரும் நின்று, யார் என்ன ஏது என்று விசாரித்தோம். எழுபத்தெட்டுக்கும் வீட்டில் ஒரு ஆள் அழுதிருப்பார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கடையில் வரிசையில் நிற்கும்போது எனக்குப் பின்னால் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நின்ற ஒருவன், உன் வயதுதான் இருக்கும், "பெரியவரே, நீங்கல்லாம் எதுக்கு வெளியில வர்றீங்க, உங்களைக் காப்பாத்தத்தானே எங்களைப் பூட்டி வச்சிருக்காங்க" என்று எல்லாரும் கேட்கும்படி சொன்னான். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா கோபப்படாமல் "அவனுக்கு வேலை போயிருக்கும், பாவம்" என்றாள். அவனும் பாவம்தான். ஒருத்தரை ஒருத்தர் வயதைப் பார்த்தே எடை போட்டுக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் ஐம்பத்தெட்டு வயதைத் தாண்டியவர்கள் வீட்டிலேயே இருக்கலாம், மற்றவர்கள் முறை வைத்து வர வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். நூலகத்து அம்மாவுக்கு ஐம்பத்தொன்பது, அவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அவரைவிட நான்கு வயது மூத்த உன் அம்மா, நியாயப்படி ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டியவள், வாரத்தில் மூன்று நாள் போனாள். ஆய்வகத்தைத்தான் சளி எடுத்துப் பரிசோதிக்கும் இடமாக மாற்றியிருந்தார்கள், அம்மாவுக்கு வாசலில் மேஜை போட்டுப் பேரெழுதும் வேலை. வருகிறவர்களின் பேரும் வயதும். போக வேண்டாம் என்று சொல்லத்தான் செய்தேன். "என்ன சொல்லி லீவு கேட்கறது, எனக்கு வயசாயிடுச்சுன்னா" என்று திருப்பிக் கேட்டாள். அறுபது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். எனக்குப் போட்டார்கள். அம்மாவின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த நர்ஸ், "உங்களுக்கு இன்னும் வயசாகலைம்மா, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க, உங்க முறை ரெண்டு மாசத்துல வரும்" என்று முதுகில் தட்டி அனுப்பினாள். வெளியே வந்து நான், உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடலாம், ஊசியா வேலையா என்று பார்த்தால் ஊசிதான் என்றேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். "வேலை மட்டும் போகாதுங்க, பேரும் போகும். இருபத்தொம்பது வருஷம் பொய் சொன்னவள்னு என்னை அந்தப் பிள்ளைங்க பார்க்கும். ரெண்டு மாசம்தானே." நான் விட்டுவிட்டேன். படியேறி வரும்போது கீழ் வீட்டில் நின்று "எனக்கு இன்னும் வயசாகலையாம்" என்று அவள் சொல்லிச் சிரித்தது எனக்கு இப்போதும் கேட்கிறது.

கீழ் வீடு என்றால் தெரியுமே, உன் இஞ்சுடேப்பு மாமா வீடு. எந்நேரமும் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பார் என்று நீ வைத்த பேர், பின்னால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. உன் பள்ளிச் சீருடை அத்தனையும் அவர் தைத்தது, நீ வளர வளரப் பிரித்துவிடலாம் என்று மடித்து மடித்துத் துணி விட்டுத் தைப்பார். அவருக்கு அறுபத்தொன்று. ஊசி போட்டுக்கொள்ளலாம், ஆனால் முகக்கவசம் தைக்கப் பெரிய ஆர்டர் வந்திருந்தது, "இந்தக் கட்டு முடியட்டும் அண்ணா, கை வலிச்சா தைக்க முடியாது" என்று தள்ளிப்போட்டார். அம்மா பள்ளிக்கூடம் போகாத நாட்களில் கீழே போய் எலாஸ்டிக் வெட்டிக் கொடுப்பாள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார்கள். ஒரு திங்கட்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல், புதன்கிழமை அவருக்கு. யாரிடமிருந்து யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய் காலை அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவர் சம்சாரம், உன் அத்தை, கீழேயிருந்து "அண்ணா, இவருக்கும் முடியல" என்று கத்தினாள். ஒரே வண்டியில்தான் நாலு பேரும் போனோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அம்மா, அவள் பக்கத்தில் அவர், அந்தப் பக்கம் அத்தை, இந்தப் பக்கம் நான். இரண்டு மணி நேரம் கழித்து அந்த டாக்டர் பெண் அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, கவசம் அழுத்தி மூக்கின் மேல் தோல் உரிந்திருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மெஷின் உள்ள படுக்கை ஒன்று காலியாகியிருக்கிறது, வராந்தாவில் காத்திருப்பதோ பதினொரு பேர், அறுபதுக்குக் கீழே உள்ளவர்களை முதலில் எடுக்கச் சொல்லி மேலிருந்து சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, "இதை நான் உங்ககிட்ட சொல்லவே கூடாதுங்க" என்றாள். வராந்தாவில் இருந்தவர்களில் அடையாள அட்டைப்படி அறுபதுக்குள் இருந்தது அம்மா ஒருத்திதான். மற்றபடி மூச்சு அளவில் எல்லாரையும்விட மோசமாக இருந்தது யார் என்று அவள் கையில் இருந்த காகிதத்தில் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. நான் எண் பார்த்தே பிழைத்தவன், எந்தப் பக்கமிருந்தும் படிப்பேன். இஞ்சுடேப்பு மாமாதான். அவரை அவர்கள் முன்பே கேட்டிருந்தார்கள், "அறுபத்தொண்ணு முடிஞ்சு போச்சு டாக்டர்" என்று அவர் பாட்டுக்கு உள்ளதைச் சொல்லியிருந்தார்.

டாக்டர் பெண் அம்மாவிடம் போய்க் குனிந்து பார்த்தாள். மூன்று வாரமாகச் சாயம் பூசவில்லை, வகிட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை வெளேர் என்று இருந்தது. அவள் அந்த வகிட்டைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அம்பத்தாறாங்க?" என்று கேட்டாள். என் கை அப்போது அம்மாவின் கையில் இருந்தது. அம்மா இரண்டு முறை அழுத்தினாள். சொல்லிவிடு என்று அழுத்தினாளா சொல்லாதே என்று அழுத்தினாளா என்று எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை. நான் "ஆமாங்க, அம்பத்தாறு" என்றேன். குரல் கொஞ்சங்கூட நடுங்கவில்லை. டாக்டர் பெண் ஒரு நொடி நின்றாள், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் எழுதிக்கொண்டாள். ஆட்கள் வந்து அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இஞ்சுடேப்பு மாமா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நல்லது, அவங்களாவது உள்ளே போயிட்டாங்க என்று அர்த்தம். அவருக்கு அம்மாவின் உண்மை வயது தெரியும் பாப்பா. ஜாக்கெட் தைக்கிறவரிடம் எதை மறைக்க முடியும், இருபது வருஷத்துக்கு முன்னாலேயே அம்மா அவரிடம் சொல்லியிருந்தாள். அவர் நினைத்திருந்தால் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவருக்கு அன்று மாலை வராந்தாவிலேயே ஒரு சிலிண்டரை இன்னொருவரோடு பங்கு வைத்துக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை மதியம் போய்விட்டார். அத்தை சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள், நான் பக்கத்தில் நின்றேன், தொட்டு ஆறுதல் சொல்லக்கூடாது என்று தள்ளி நிற்கச் சொன்னார்கள், நல்லவேளை என்று நான் தள்ளி நின்றேன். அம்மா அந்தப் படுக்கையில் ஒன்பது நாள் இருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாகக் கால் மட்டும் தெரியும். அந்த டாக்டர் பெண் தினமும் காலையில் வெளியே வந்து என்னிடம் பேசிவிட்டுப் போவாள், இன்றைக்குக் கொஞ்சம் பரவாயில்லை என்பாள், அடுத்த நாள் அப்படிச் சொல்ல மாட்டாள். கடைசி நாள் வந்து "நாங்க எல்லாம் பார்த்தோம் சார். இவங்க வயசுக்கு இந்த உடம்பு இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அங்கேயே அழுதுவிட்டாள். எந்த வயசுக்கு என்று அவள் மனதில் இருந்ததோ. அவள் கவனிக்காமல் விடவில்லை பாப்பா, அவள் கொடுக்கக் கூடாததை எனக்குக் கொடுத்தாள், நான் வாங்கக் கூடாததை வாங்கிக்கொண்டு வந்தேன், அதுவும் யாருக்கும் உதவவில்லை. அந்தப் படுக்கை அவருக்குக் கிடைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னைக் கேட்காதே. நான் தினமும் கேட்டுக்கொள்கிறேன், சில நாள் பிழைத்திருப்பார் என்று வருகிறது, சில நாள் மாட்டார் என்று வருகிறது, இரண்டிலும் எனக்கு நிம்மதி இல்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அத்தைதான் எனக்குச் சாப்பாடு கொடுத்தாள். தானே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவள், மதியம் ஒரு மணிக்கு மூடி போட்ட பாத்திரத்தை வாசல்படியில் வைத்து இரண்டு முறை தட்டிவிட்டு இறங்கிப் போவாள். ஒரு மாதம் சாப்பிட்டேன். எப்படிச் சாப்பிட்டேன் என்று கேட்டால் வாயில் போட்டு விழுங்கினேன், வேறென்ன. போன மாதம் ஒருநாள் அவள் படியில் நின்று, "எங்க வீட்டுக்காரருக்கு வயசாயிடுச்சுன்னு ஒதுக்கிட்டாங்கண்ணா, அறுபத்தொண்ணு ஒரு வயசா, அக்கா மாதிரி சின்ன வயசா இருந்திருந்தா உள்ள போயிருப்பாரு" என்று சொல்லி அழுதாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மறுநாள் காலையில் கீழே போனேன். அவள் மெஷினில் உட்கார்ந்து அவர் பாதியில் விட்ட கட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், சான்றிதழ், வகிடு, டாக்டர் கேட்டது, நான் சொன்னது, அவர் கட்டை விரலைத் தூக்கியது வரை. நான் சொல்லச் சொல்ல அவள் மெஷினை நிறுத்தவில்லை. கட்டை விரல் என்றதும் நிறுத்தினாள். ஊசிக்குக் கீழே இருந்த துணியை இழுத்து நூலை அறுத்தாள். அப்புறம் கோபமே இல்லாத குரலில், "உங்க இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான்ணா சொல்லியிருப்பேன். கேட்காமயே சொல்லியிருப்பேன். ஆனா இனிமே என் வாசல்ல வந்து நிக்காதீங்க" என்றாள். சரிம்மா என்று மேலே வந்துவிட்டேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து சாப்பாடு வரவில்லை, வரவும் கூடாது, நானே ஏதோ பொங்கித் தின்கிறேன். வெளியே போக அவள் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும், என் செருப்புச் சத்தம் கேட்டால் மெஷின் நின்றுவிடுகிறது, நான் வாசலுக்கு இறங்கிய பிறகு மறுபடி ஓடுகிறது. அதனால் போவதைக் குறைத்துக்கொண்டேன். நீ என்னை அங்கே வந்து உன்னோடு இருக்கச் சொல்கிறாய், விமானம் விட்டதும் டிக்கெட் எடுக்கிறேன் என்கிறாய். எடுக்காதே. கோபத்தில் சொல்லவில்லை, அங்கே வந்தாலும் நான் இதே ஆள்தான், உனக்கு ஒரு அறை அடைபடும், அவ்வளவுதான். காலம் ஆற்றும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, பொய்யாக உனக்கு அதை எழுத மாட்டேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். உங்கள் வயதுக்காரர்களை ஊசிக்குக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள், கூப்பிட்ட அன்றைக்கே போய்ப் போட்டுக்கொள், அந்தக் கட்டு முடியட்டும் இந்தக் கட்டு முடியட்டும் என்று இருக்காதே. மாப்பிள்ளை அலைச்சலைக் குறைக்கட்டும். வாண்டு ஜன்னலில் ஏறி நிற்கிறது என்றாயே, கொக்கி மாட்டினாயா? அப்பாவின் ஆசீர்வாதத்துக்கு இப்போது என்ன மதிப்பு என்று தெரியவில்லை, ஆனாலும் மூன்று பேருக்கும் முழு மனசோடு கொடுக்கிறேன், நீண்ட ஆயுசோடு, உள்ள வயசைச் சொல்லிக்கொண்டு இருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. பாதை திறந்து என்றைக்காவது நீ இங்கே வந்தால் நேராக மேலே ஏறி வராதே. முதலில் அத்தை வீட்டுக்குப் போ. உன்மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை, உன்னை மடியில் போட்டு அளவெடுத்த வீடு அது. அங்கே உட்கார்ந்து அவள் சொல்வதை எல்லாம் கேள். அதற்கப்புறம் படியேறி வருவதா, அப்படியே திரும்பிப் போய்விடுவதா என்று நீ முடிவு செய்துகொள். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
உன் அப்பா